ஏழாவது தீவுக்குப் போய்ச் சேரும்வரை

சிறுவர்களுக்கு மாயாஜாலச் சாகசக் கதைகள் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். கற்பனை வளருமாம், துணிச்சல் வருமாம், நல்லது கெட்டது தெரியுமாம். இப்படிச் சொல்கிறவர்கள் சின்ன வயதில் ஒரு தொடர்கதைக்காக வாரம் முழுக்கக் காத்துக்கிடந்தவர்களாக இருக்க முடியாது. நான் காத்துக்கிடந்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதையும் கூடவே இருந்து பார்த்தேன். இத்தனை காலம் இதை எழுதாமல் தள்ளிப்போட்டாயிற்று. இனியும் தள்ளிப்போட எனக்கு வயதில்லை.

எங்கள் ஊர் இராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்கள் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் ஊர். ஆண்களில் பாதிப் பேர் கொழும்பில் இருந்தார்கள். என் வாப்பாவுக்கும் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தனுஷ்கோடி வழியாக வருவார், இரண்டு மாதம் இருப்பார், திரும்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் உம்மா, அக்கா, நான். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். என்னைவிட நான்கு வயது மூத்தவள்.

கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. ராத்தா அதைக் கடைசியாகப் பார்த்தது பன்னிரண்டு வயதில். பெரியவளான பெண்ணை எங்கள் ஊரில் குமர் என்பார்கள். குமரானால் அன்றைக்கே பள்ளிக்கூடம் நின்றுவிடும், தெருவும் நின்றுவிடும். யாரும் அதட்ட வேண்டியதில்லை. மறுநாள் காலையில் அவளுடைய பை ஆணியிலேயே தொங்கும், அவ்வளவுதான். ராத்தா ஆறாம் வகுப்புப் பாதியில் நின்றாள். அவளுடைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் நான் எழுதித் தீர்த்தேன்.

எனக்குப் பதினொரு வயதாகும்போது, நாடு சுதந்திரமாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும், எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சிறுவர் வாரப் பத்திரிகை ஒன்று வரத் தொடங்கியது. திருப்புல்லாணியிலிருந்து பஸ்ஸில் வரும் டீச்சர் திங்கட்கிழமை தோறும் அதைக் கொண்டுவருவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் படிக்கலாம். மணி அடித்ததும் அது டீச்சரின் மேஜைக்குள் போய்ப் பூட்டப்பட்டுவிடும். வீட்டுக்கு எடுத்துப்போக விடமாட்டார். விட்டிருந்தாலும் பயனில்லை, அதில் பக்கத்துக்குப் பக்கம் படம். “உசுருள்ள படம் இருக்கிற வீட்டுக்குள்ள மலக்குமார் வரமாட்டாங்க” என்பாள் உம்மா. வானவர்கள் வராத வீட்டில் பரக்கத், அதாவது இறைவன் தரும் வளம், இருக்காது என்பது அவள் பயம். தீப்பெட்டியில் இருக்கும் கிளியைக்கூட நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் அடுப்படியில் வைப்பாள்.

அந்தப் பத்திரிகையில்தான் அந்தத் தொடர்கதை வந்தது. ஒரு கடற்கரை ஊரின் காற்றை ஓர் அரக்கன் பிடித்துக்கொண்டுபோய் ஏழாவது தீவில் ஒரு கோட்டைக்குள் அடைத்துவிடுகிறான். பாய்மரங்கள் துவண்டு கிடக்கின்றன. யார் போய் மீட்பது என்று பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தோணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். கால் ஊனமான பேசும் நாரை ஒன்று அவனுக்குத் துணை. ஒவ்வொரு தீவின் வாசலிலும் ஒரு சோதனை. ஜெயித்தால் அவனுக்கு ஒரு வயது கூடிவிடும். படம் போடுகிறவர் அவனை ஒவ்வொரு தீவிலும் ஒரு விரற்கடை உயரமாகப் போடுவார். நாங்கள் பெண்பிள்ளைகள் டீச்சரிடம் பழைய இதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு விரலால் அளந்து பார்ப்போம்.

அரக்கனும் பேசும் பறவையும் இருந்ததால் எங்களுக்கு அந்தக் கதை பிடித்தது என்று நினைத்தால் தப்பு. ஜின் கதை வேண்டிய மட்டும் ஊரில் கிடைத்தது. எங்களைப் பிடித்து இழுத்தது வேறு. அந்தப் பையனுக்கு வயது கூடக்கூட அவன் போகும் இடம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. எங்களுக்கு வயது கூடினால் இருக்கும் இடம் சின்னதாகிவிடும். இதை எங்களில் யாருக்கும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. ஆனால் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பெண்கள் ஏழு பேர் ஒரே இதழின் மேல் தலையை முட்டிக்கொண்டு படித்தோம் என்றால் காரணம் அதுதான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஏழு பேரில் ஒருத்தி குறைவாள். அவள் எந்த அத்தியாயத்தில் நின்றாள் என்பது எங்களுக்கு நினைவிருக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து ராத்தாவுக்குக் கதை சொல்ல வேண்டும். கொல்லையில் அரிசி புடைத்துக்கொண்டோ மீன் ஆய்ந்துகொண்டோ கேட்பாள். அவள் கேட்கிற கேள்வியெல்லாம் ஒரு தினுசாக இருக்கும். “அவன் அங்கன என்ன புள்ள சாப்பிட்டான்?” என்பாள். “மாத்துத் துணி எடுத்துட்டுப் போனானா இல்லையா?” என்பாள். கதையில் இல்லை என்றால் விடமாட்டாள். நானே ஏதாவது சேர்த்துச் சொல்வேன். பொய் என்று அவளுக்குத் தெரியும், சிரித்துக்கொண்டே கேட்பாள். வாரத்தில் அந்த ஒரு சாயங்காலந்தான் அவள் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

பையன் நான்காவது தீவில் இருக்கும்போது எனக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு வயது முடிய ஒரு மாதம் இருந்தது. முதலில் பார்த்தது ராத்தா. என் கையைப் பிடித்து அரிசிப் பானை இருக்கும் உள்ளறைக்குக் கூட்டிப்போய், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். பிறகு உம்மாவிடம் சொல்ல எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லாத ராத்தா. கதை முடியட்டும்.”

ராத்தா அப்படியே நின்றாள். அவளுக்கும் அந்தக் கதை வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நான் நின்றுவிட்டால் அவளுக்கும் நின்றுவிடும். அந்த வயதில் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தது.

“இந்தத் தீவு மட்டுந்தான்” என்றாள்.

ஒரு தீவுக்கு ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகும். பத்திரிகைக்காரர்கள் இழுத்தடிப்பதில் கெட்டிக்காரர்கள். நான்காவது தீவு முடிந்ததும் ஐந்தாவது தீவில் பையனைப் பாம்புக் கிணற்றில் தள்ளிவிட்டு ‘தொடரும்’ போட்டார்கள். அவனைக் கிணற்றில் விட்டுவிட்டு எப்படி நிற்பது? ராத்தாவும் நிற்கச் சொல்லவில்லை.

ஆனால் ஒளிப்பது லேசான காரியம் இல்லை. பெண்கள் அந்த நாட்களில் தொழுவதில்லை. ‘எனக்குத் தொழுகை இல்லை’ என்று ஒருத்தி சொன்னால் வீட்டுக்கு விஷயம் புரிந்துவிடும். ஆகவே நான் அந்த நாட்களிலும் உம்மாவின் பக்கத்தில் நின்று தொழுதேன், ஓதுகிற பள்ளிக்குப் போய்க் குர்ஆனைத் தொட்டேன், நோன்பு மாதத்தில் வைக்கக் கூடாத நாளில் நோன்பும் வைத்தேன். நரகத்தைப் பற்றி ஓதுகிற பள்ளியில் சொல்லித் தந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். பயந்தேன். பயந்துகொண்டே திங்கட்கிழமைக்குக் காத்திருந்தேன்.

துணி இன்னொரு பிரச்சினை. எங்கள் ஊர்க் கிணறெல்லாம் உப்பு, வீட்டில் துணி துவைக்க முடியாது. வெளுக்கிற அம்மா வாரம் ஒருமுறை வந்து மூட்டை கட்டி எடுத்துப்போவாள். அதில் கறைத்துணி இருந்தால் அது யாருடையது என்று வீட்டில் தெரிந்திருக்க வேண்டும். ராத்தா ஒரு வழி கண்டுபிடித்தாள். என் நாட்கள் வந்தால் அவள் தனக்குத் தொழுகை இல்லை என்பாள். அவளுடைய நாட்கள் வந்தாலும் தொழுகை இல்லை என்பாள். சுத்தமாக இருந்துகொண்டு தொழாமல் விட்டது அவளைக் குத்தியது. உம்மா பக்கத்து வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, விட்ட தொழுகைகளைக் களாவாகத் தொழுது தீர்ப்பாள். நான் வாசலில் காவல் நிற்பேன். நின்றுகொண்டே கதையில் அடுத்து என்ன வரும் என்று யோசிப்பேன்.

உம்மாவுக்குக் கண் இருக்கிறதே. மூன்றாவது மாதம் வெளுக்கிற அம்மாவே கேட்டுவிட்டாள். “மூத்த புள்ளைக்கு என்ன தாயி, மாசத்துக்கு ரெண்டு தடவ வருது போல?” உம்மா அன்று சோறு தின்னவில்லை. ராத்தாவுக்கு அப்போது கல்யாணம் பேசி வைத்திருந்தது. இரண்டு சந்து தள்ளி இருந்த குடும்பம். மாப்பிள்ளை கொழும்பில் வேலை. சின்ன வயதில் ஓதுகிற பள்ளியில் ராத்தாவோடு உட்கார்ந்து ஓதியவர். அவர் ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் சந்தில் அவர் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டால் ராத்தாவின் கை வேலையை நிறுத்திவிடும். எங்கள் ஊரில் பெண்ணை வெளியே அனுப்புவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். ஆகவே ராத்தா கல்யாணத்துக்குப் பிறகும் இங்கேயே இருப்பாள். மூத்தவள் என்பதால் நாங்கள் இருந்த வீடும் அவளுக்குத்தான் என்று வாப்பா சொல்லியிருந்தார்.

உம்மா அசோகப்பட்டை வாங்கிக் கஷாயம் வைத்தாள். காலையில் ஒரு டம்ளர், அந்தியில் ஒரு டம்ளர். நான் ஒருநாள் விரலைத் தோய்த்து நக்கிப் பார்த்தேன், அன்று முழுக்க நாக்கில் கசப்பு போகவில்லை. ராத்தா ஐந்து மாதம் அதைக் குடித்தாள். இல்லாத நோவுக்குக் குடித்தாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு, “சரி, பாம்புக் கெணத்துல என்ன ஆச்சு?” என்பாள்.

ஆறாவது தீவில் வாசல்காரன் ஒரு பிணை கேட்டான். துணையாக வந்தவர் யாரையாவது விட்டுவிட்டுப் போனால்தான் வாசல் திறக்கும். நாரை தானாகவே முன்வந்து நின்றது. திரும்பி வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையன் உள்ளே போனான். நான் இதை ராத்தாவிடம் சொன்னபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வாசல் திறந்துவிட்டதே என்ற சந்தோஷம்தான் இருந்தது.

அடுத்த வாரம் பத்திரிகையில் ‘இன்னும் மூன்றே இதழ்களில் நிறைவு’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அதே வாரம் மாப்பிள்ளையின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை, குத்தலாகப் பேசவில்லை. உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “நோவு கீவுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. உள்ளதா?” என்று கேட்டார். உம்மாவுக்குப் பொய் வராது. மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

“நாங்க வேணாம்னு சொல்ல வரல. பையன் இந்த மாசக் கடைசில கொழும்புக்குத் திரும்புறான். அதுக்குள்ள ஒரு முடிவு தெரிஞ்சா நல்லது. புள்ளகுட்டின்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார். எழுந்து போய்விட்டார்.

அவர் போனதும் உம்மா ராத்தாவை எதிரே உட்காரவைத்தாள். நான் சுவரோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். “ஏ புள்ள, என்னட்ட மறைக்காத. ஒனக்கு என்ன செய்யுது? அல்லாவுக்காகச் சொல்லு” என்று உம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். ராத்தா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள்.

ஒரு வாக்கியம் போதும். ‘அது என்னுது உம்மா.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு இரண்டு அடி விழுந்திருக்கும், பள்ளிக்கூடம் நின்றிருக்கும், ராத்தாவின் கல்யாணம் நடந்திருக்கும். இதெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. அறியாத வயது என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். மூன்று வாரம் இருக்கிறது, மாசக் கடைசிக்குள் கதை முடிந்துவிடும், முடிந்த அன்றே சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். போட்டுவிட்டுத் தலையைக் குனிந்து எழுதினேன்.

“ஒண்ணும் செய்யல உம்மா” என்றாள் ராத்தா.

கதை முடிந்தது. பையன் ஏழாவது தீவில் கோட்டையைத் திறந்தான், காற்று வெளியே வந்தது, பாய்மரங்கள் புடைத்தன, ஊரே கரையில் நின்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டது. கடைசிப் படத்தில் அவன் வாலிபனாக இருந்தான், மெல்லிய மீசை வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் ராத்தாவிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

“நாரை?” என்றாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். நாரையைப் பற்றிக் கடைசி இதழில் ஒரு வரிகூட இல்லை. எழுதியவர் மறந்துவிட்டாரோ என்னவோ. வழக்கம்போல எதையாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம், எனக்கு வாய் வரவில்லை. ராத்தா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் உம்மாவிடம் சொன்னேன். அதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. எட்டு மாதத்தை விழுங்கிவிட்டு, இன்றைக்குத்தான் வந்தது என்றேன்.  அந்த எட்டு மாதமும் கூடாத நாளில் தொழுததையும் நோன்பு வைத்ததையும் சொன்னால் உம்மா என்னை என்ன செய்வாள் என்ற பயம் வந்துவிட்டது. உம்மா என்னைக் கட்டிக்கொண்டாள், நெற்றியில் முத்தமிட்டாள், பிறகு இரண்டு குமரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்று அழுதாள். என் பை ஆணியில் தொங்கியது.

அடுத்த மாதத்திலிருந்து ராத்தாவுக்கு ஒரே தடவைதான். உம்மா சந்தோஷப்பட்டாள். “மருந்து கேட்டுருச்சு” என்று மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். அவர்கள் அதற்கு முந்தின வாரமே வேறு வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். உம்மா சொன்னதை யாரும் நம்பவுமில்லை. மருந்து சாப்பிட்ட பெண் என்கிற பேர் ராத்தாவின் மேல் தங்கிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் எங்கள் வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை.

கடைசியில் சாயல்குடியில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் கேட்டார். மனைவி இறந்துபோய் மூன்று பிள்ளைகளோடு இருந்தவர். தாயில்லாத பிள்ளைகளை விட்டு எங்கள் ஊரில் வந்து தங்க முடியாது, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். எங்கள் தெருவில் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போன முதல் பெண் என் ராத்தாதான். பஸ்ஸில் ஏறும்போது வாப்பா ஊரில் இல்லை. ராத்தா என் கன்னத்தைத் தொட்டு, “போயிட்டு வாரேன் புள்ள” என்றாள். அவளுக்குக் குழந்தை பிறக்கவே இல்லை. நல்ல உடம்புக்கு அத்தனை மாதம் கொடுத்த அந்தக் கஷாயம் ஏதாவது செய்திருக்குமோ என்று பிற்காலத்தில் இரண்டு டாக்டர்களிடம் கேட்டேன். இருக்காது என்று ஒருவர் சொன்னார். மற்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீடு எனக்கு வந்தது. நான் ஐந்து வருஷம் அதற்குள் இருந்தேன், பிறகு அதே வீட்டில் எனக்குக் கல்யாணம் நடந்தது. ராத்தா மூத்த தாரத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மெலிந்திருந்தாள். பந்தி முடிந்த மத்தியானத்தில் எனக்கு மருதாணி வைத்துவிட உட்கார்ந்தாள். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஏழு வருஷமாக உள்ளே கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. ஏன் ராத்தா, நீயாவது அன்றைக்கு உம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. பழியை அவள் பக்கம் தள்ளுகிறேன் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

ராத்தா என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் சொன்னா ஒன்னயக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும்ல. நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ஒவ்வொரு நாளும் நீ பள்ளிக்கூடத்துலருந்து வரையில, இன்னைக்குச் சொல்லிருவா, இன்னைக்குச் சொல்லிருவான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்” என்றாள். பிறகு, “கைய ஆட்டாத, அழிஞ்சிரும்” என்றாள்.

உம்மா அதற்கப்புறமும் பல வருஷம் என்னோடு அந்த வீட்டில்தான் இருந்தாள். கடைசியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “என் மூத்த புள்ளைக்குச் சின்ன வயசுலயே நோவு. அதான் அங்கன கொண்டுபோய்க் குடுக்க வேண்டியதாப் போச்சு” என்று சொல்லிச் சொல்லி அழுவாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து காலை அமுக்கிக்கொண்டிருப்பேன். உம்மா கண்மூடி மௌத்தாகும் வரைக்கும் நான் சொல்லவில்லை.